46-க்கு 58

போன புதன்கிழமை தங்கச்சியின் மகள் வேலையால் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 44 புள்ளிகள். தேறுவதற்கு 50 வேண்டும். "வாய்மொழிக்கு எழுதிக் குடுத்திட்டன் மாமா" என்றாள். "அப்ப உனக்கு 62 வேணும்" என்றேன் உடனேயே. அவள் திகைத்துப் போனாள். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு செயலி தேவைப்பட்டதாம். எனக்கோ அந்தக் கணக்கு முப்பது வருடங்களாக மனதின் ஒரு மூலையில் மடித்து வைத்தபடி கிடக்கிறது: எழுத்துத் தேர்வின் புள்ளியை இரண்டால் பெருக்கு, வாய்மொழியின் புள்ளியைக் கூட்டு, மூன்றால் பிரி. 1994 ஜனவரியில் என்னுடைய எண் 46. எனக்கு வேண்டியிருந்தது 58.

ஜேர்மனியில் தொழில் படித்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மூன்றரை வருடம் ஒரு தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டு, இடையிடையே தொழிற்பாடசாலைக்கும் போய்வந்து, கடைசியில் வர்த்தக சபையின் தேர்வை எழுதுவதுதான் நம்மவர்கள் தமிழ்போலவே சொல்லும் அவுஸ்பில்டுங். ஒரு பாடத்தில் கொஞ்சத்தால் தவறி, அந்த ஒன்றால் முழுத் தேர்வுமே போகிறது என்றால், அதே பாடத்தை ஒரு தடவை வாயால் சொல்லிக் காட்ட இடம் கேட்கலாம். கால்மணி நேரந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் தொழில் தருநர் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். இந்தப் பக்கம் நீங்கள் மட்டும்.

என் 46 தபாலில் வந்தது. டோர்ட்முண்டில் நாங்கள் நான்கு பேர் இரண்டு அறைகளில் இருந்த காலம் அது. கடித உறையை மேலங்கியின் உட்பையில் வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டு நாள் திரிந்தேன். அந்த இரண்டு நாளையும் இன்று நினைக்க ஒரு செல்வம்போலத் தோன்றுகிறது, ஏனென்றால் மருமகளின் 44 அவள் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னரே குடும்பக் குழுவில் ஏறி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவிடம் போய், "பிள்ளையைப் பேச வேண்டாம், நல்லூரானுக்கு நேர்ந்திருக்கிறன்" என்று அம்மாவின் குரற்பதிவாகத் திரும்பியும் வந்துவிட்டது. அதே அம்மாவுக்கு 1994-இல் என் கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கானது. நான் தவறியதையும் பிறகு தேறியதையும் அவ ஒரே கடிதத்தில்தான் அறிந்தா. இடையில் படவேண்டிய கவலை எதையும் அவ படவில்லை. அந்த வருடங்களின் தபாலுக்கு நான் நன்றி சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான்.

1990-இலிருந்தே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அம்மாவின் கடிதங்கள் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எழுதப்பட்டவை. தம்பி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்கிறான் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தா. "நீ கரண்ட் வேலை படிச்சு முடிச்சு வந்து எங்கடை வீட்டுக்கும் ஒரு லைற் போட்டுத் தா" என்று அதன் கடைசி வரி. 380 வோல்ட் 400 ஆகவும் 220 வோல்ட் 230 ஆகவும் மாறியதைப் பற்றி நான் இங்கே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே என் தம்பி கை நோகச் சுற்றி ஆறு வோல்ட் எடுத்துக்கொண்டிருந்தான். 46 என்ற எண்ணைவிட அந்த வரிதான் என்னை அந்தக் குளிர்காலம் முழுக்கப் படிக்க வைத்தது.

படிப்பு என்றால் என்ன, கேள்விகளை நானே சத்தமாக வாசித்து ஒலிநாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பதில் சொல்ல அரை நிமிட அமைதி விட்டு, அதை இரவில் போர்வைக்குள் கேட்பது. அந்த அமைதிக்குள் அடுத்த அறையின் இருமலும், தெருவில் போகும் ட்ராமும் பதிவாகியிருக்கும். மருமகளின் தொலைபேசியில் ஒரு குரல் கேள்வி கேட்கிறது, பதிலைக் கேட்டுத் திருத்துகிறது, எத்தனை தரம் பிழைவிட்டாலும் அதற்குக் களைப்பு வருவதில்லை. நட்சத்திர-முக்கோண முறையில் மோட்டார் தொடங்கும்போது மின்னோட்டம் ஏன் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது என்பதை அவள் அசையும் படமாகவே பார்க்கிறாள். நான் அதைப் புத்தகத்தின் ஒரு சாம்பல் நிறக் கோட்டுப்படத்தை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் யோசித்துப் பிடித்தேன். இப்படி ஒன்று எனக்கும் கிடைத்திருந்தால் என்று மனதார ஏங்கினேன்.

ஆனால் எனக்குக் கொண்டக்டர் அண்ணை கிடைத்தார். ஊரில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். இங்கே உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். நடுச்சாமத்தில் எண்ணெய் வாசனையோடு வந்து, எனக்கும் ஒரு தேத்தண்ணி போட்டுவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அவருக்கு ஜேர்மன் எழுத்து வராது. ஆகையால் கேள்விகளை நான் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். "வாஸ் இஸ்ட் ஐன் எஃப்-ஈ ஷால்டர்?" என்று பயணச்சீட்டுக் கேட்கும் அதே குரலில் அவர் கேட்பார். நான் ஜேர்மனில் சொன்ன பிறகு, "இப்ப எனக்கு விளங்கச் சொல்லு" என்பார்.

விளங்கச் சொல்வதுதான் கடினம். போகிற மின்னோட்டத்தையும் திரும்பி வருகிற மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆளி அது, முப்பது மில்லி அம்பியர் குறைந்தால் அது எங்கோ ஒரு மனிதனின் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிறதாக இருக்கலாம், உடனே வெட்டிவிடும் என்று நான் திணறித் திணறிச் சொல்லி முடித்தபோது, அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"பருத்தித்துறைக்குப் போன சனமும் திரும்பி வந்த சனமும் கணக்குச் சரியோ எண்டு பாக்கிறது. முப்பது பேர் குறைஞ்சால் பெல்லை அடிச்சு பஸ்ஸை நிப்பாட்டுறது. உதுதானே?"

அதேதான். மூன்றரை வருடத்தில் எந்த வகுப்பிலும் எனக்கு அது அவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

தொழிற்சாலையில் எனக்கு வேலை பழக்கிய மைஸ்டர் இருந்தார். ஒன்பது மணி இடைவேளையில் கறுத்த பாணுக்குள் சீஸ் வைத்த தன் சாப்பாட்டைக் கத்தியால் சரிபாதியாக வெட்டி ஒரு பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னால் "வறூம்?" என்பார். ஏன்? அதற்கும் பதில் சொன்னால் மறுபடியும் வறூம். பழைய பீங்கான் உருகிகளின் நிறங்களை அவர்தான் மனப்பாடமாக்கினார்: ஆறு அம்பியருக்குப் பச்சை, பத்துக்குச் சிவப்பு, பதினாறுக்குச் சாம்பல், இருபதுக்கு நீலம், இருபத்தைந்துக்கு மஞ்சள். உருகி எரிந்தால் அதன் முனையிலிருக்கும் சின்ன நிறப் பொட்டுக் கழன்றுவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்து எது போனது என்று சொல்லலாம். இன்றைய ஆளிகள் ஒரே வெள்ளை நிறத்தில் வரிசையாக நிற்கின்றன, விரலால் தட்டினால் வேலை முடிந்தது. வசதிதான். அந்தப் பொட்டுகளை எனக்கு இன்னமும் பிடிக்கும்.

தேர்வு நாளன்று மேசைக்கு அப்பாலிருந்த ஆசிரியர் கேட்டார்: "பழைய கட்டடம் ஒன்றில் இணைப்புப் பெட்டியைத் திறக்கிறீர்கள். கறுப்பு, சாம்பல், சிவப்பு என்று மூன்று கம்பிகள். சிவப்பு எது?" மைஸ்டரின் அரைப் பாணோடு நான் விழுங்கிய கேள்வி அது. 1965-இல் பச்சை-மஞ்சள் வருமுன்னர் இங்கே சிவப்புத்தான் நிலக்கம்பியாக இருந்தது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர் வீடு கண்முன் வந்துவிட்டது. நான் பிறந்த இடத்தில் பிரித்தானிய முறைப்படி மின்சாரம் சிவப்புக் கம்பியில்தான் வரும், கறுப்பில் திரும்பிப் போகும், இங்கேயோ கறுப்பில் வருகிறது. ஆகையால் நான் நிறத்தை நம்புவதில்லை, மின்னிணைப்பைத் துண்டித்து, யாரும் திரும்பப் போட முடியாதபடி செய்துவிட்டு, இருமுனைச் சோதனைக் கருவியால் அளந்து பார்ப்பேன், அளக்குமுன் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்பதை மின்சாரமுள்ள வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்பேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்வியாக எஃப்-ஈ ஆளி வந்தது. பருத்தித்துறை பஸ்ஸை நான் ஜேர்மன் மொழியில் ஓட்டிக் காட்டினேன். 71 தந்தார்கள்.

மருமகளுக்குத் தேர்வு வரும் வியாழக்கிழமை. தொலைபேசியிலுள்ள குரலிடம் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொல்கிறாள். ஆனால் நேற்று நான் எதிரே இருந்து "ஏன்?" என்று கேட்டபோது, அவளுக்குக் குரல் அடைத்துவிட்டது. முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது வேறொரு பழக்கம். காதொலிப்பான்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இன்னொருக்காக் கேளுங்கோ மாமா" என்றாள்.

எனக்கு அவளுடைய பாடத்தில் பாதி தெரியாது. நான் படித்த தொழிலின் பெயரே 2003-இல் மாறிவிட்டது. ஆகவே கொண்டக்டர் அண்ணையைக் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டி, இப்போது ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் மகனோடு இருக்கிறார். காணொலியில் முதலில் நெற்றித் திருநீறு மட்டும் தெரிந்தது. பிறகு தொலைபேசியைத் தள்ளிப் பிடித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆர், தங்கச்சியின்ரை மகளோ? பொறு பிள்ளை." கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினார். "வாஸ் இஸ்ட் ஐன் எஃப்-ஈ ஷால்டர்?"

அவள் சிரித்து, ஜேர்மனில் மளமளவென்று சொல்லி முடித்தாள். அவர் அசையவில்லை.

"சரி. இப்ப எனக்கு விளங்கச் சொல்லு."