ராஜாங்கிறதும் படந்தாம்லே

ஏலே பேராண்டி, இங்க வந்து உக்காரு. நேத்து டீக்கடையில நீ போட்ட சத்தம் நாகலாபுரம் பூராக் கேட்டிருக்கு. காமநாயக்கன்பட்டியில ஆகஸ்ட் 15 தேர் பாத்துட்டு வந்த பயகிட்ட, "கடவுளுக்கு உருவம் கிடையாது, நீங்க பொம்மைக்குச் சேலை கட்டுதீக"ன்னு கைய நீட்டி நீட்டிப் பேசுனியாம்ல. அவனும் விடலையாம். "மாதாவ நாங்க கடவுள்னு சொல்லல, நமக்காகப் பரிஞ்சு பேசுற அம்மா"ன்னானாம். டீ ஆறிப்போச்சு, நீங்க ரெண்டு பேரும் ஆறல.

ஒன் சபையில செவத்துல படம் கிடையாது, ஒத்துக்கிடுதேன். ஒரு டியூப் லைட்டு, ஒரு வசனம், ஒரு கடிகாரம், அவ்வளவுதான். ஆனா முழங்கால் போட்டதும் கண்ண மூடிக்கிட்டு "ராஜா, ராஜா"ன்னு உருகுதியே, அது என்னதாம்? ஆணியில மாட்டாத படம். அதுவும் ஒனக்கு ராஜான்னா கிரீடமும் சிங்காசனமும். எட்டயபுரம் பக்கத்துப் பழைய சம்சாரிகிட்டக் கேட்டிருந்தா, ராஜான்னா தீர்வைன்னு சொல்லியிருப்பான்.

சரி, அந்த செல்போனக் காட்டு. ஆங்... இது யாரு? மேய்ப்பரா! வெள்ளை அங்கி, சீவுன தலை, தோள்ல அப்பத்தான் குளிச்சுட்டு வந்த ஆட்டுக்குட்டி. நம்ம கரிசல்ல கிடை போட வாராரே கீதாரி, அவர என்னிக்காவது கிட்டத்துல பாத்திருக்கியா? தலையில முண்டாசு, கையில தொரட்டி, ஒடம்பெல்லாம் ஆட்டு மொச்சை. உள்ளங்கால்ல வேலமுள்ளு ஏறி ஏறிக் காய்ச்சுப் போயிருக்கும். ராத்திரியில கிடைப் பக்கத்துலயே ஒரு கண்ணு மூடி ஒரு கண்ணு தொறந்து கெடப்பாரு. ஒரு குட்டி கொறைஞ்சா, எண்ணாமலே அவருக்குத் தெரியும். பெத்லகேம் காட்டு ஆளும் ஏறக்குறைய அப்படித்தான இருந்திருப்பாரு? ஒன் செல்போன்ல இருக்கிற இந்த மாதிரிச் செவத்த முகத்த ஊரு ஊராப் பரப்புனதுல சிக்காகோ ஓவியர் வார்னர் சால்மனுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1940ல அவர் தீட்டுன கிறிஸ்து முகம் கோடிக்கணக்குல அச்சாச்சு. அமெரிக்காக்காரன் வரைஞ்சா தரிசனம், காமநாயக்கன்பட்டிக்காரன் செஞ்சா பொம்மை, அப்படித்தான?

இந்தச் சண்டைய நீ ஒண்ணும் புதுசா ஆரம்பிக்கல. 787லயே நீசியாவுல ஆயர்கள் கூடி, படத்துக்கு வணக்கம் செலுத்தலாம், ஆராதனை கடவுளுக்கு மட்டுந்தான்னு வரப்பு வெட்டிட்டாக. பொறவு 1500கள்ல ஐரோப்பாவுல கொஞ்சப் பேரு கோயிலுக்குள்ள பூந்து செலையெல்லாம் ஒடச்சாக. நீ வெறும் டீ கிளாஸத்தான் ஒடச்ச. பரவாயில்ல.

எனக்கு ஒரு உபதேசியார் சிநேகிதம். வேப்பமரத்தடியில பைபிளப் பிரிச்சு வாசிப்பாரு, நான் வெத்தல மடிச்சுக்கிட்டே கேப்பேன். கடவுளக் கன்மலைங்காக, கழுகுங்காக. ஓசியா தீர்க்கதரிசி ஒரு எடத்துல குட்டியப் பறிகுடுத்த கரடிங்காரு, இன்னொரு எடத்துல துணிய அரிக்கிற பூச்சிங்காரு. 78ஆம் சங்கீதத்துல திராட்சரசம் குடிச்சுட்டுச் சத்தம் போட்டு எந்திரிக்கிற வீரன். இயேசுவோ தன்னையே குஞ்சுகளைச் செட்டைக்குள்ள கூட்டுற கோழிங்காரு. கோழிலே! ராஜான்னு கூப்பிடுத வாய் ஒரு ஞாயித்துக்கிழமையாவது கோழியம்மான்னு கூப்பிடட்டுமே. பாஸ்டர் மொகத்தப் பாக்க நானும் வாரேன்.

நம்ம ஆளுகளும் சளைச்சவுக இல்ல. காமநாயக்கன்பட்டியில இருந்து இந்த வெயிலத் தின்ன இத்தாலிக்காரர் வீரமாமுனிவர், தேம்பாவணியில 3615 பாட்டுப் பாடினாரு. யாரப் பத்தி? சூசையப்பரப் பத்தி, ஒரு தச்சரப் பத்தி. ராஜாவுக்கா பஞ்சம்? 1774ல திருநெல்வேலியில பொறந்த வேதநாயக சாஸ்திரியார் அதுக்கும் ஒரு படி மேல. அவரு பாட்டுல, பெத்லகேம் நாதர் மேல ஆசப்பட்டு ஒரு பொண்ணு ஏங்குறா, குறத்தி வந்து கையப் பாத்துக் குறி சொல்லுதா. கடவுள மாப்பிள்ளையாக்கிட்டாரு மனுசன். ஒங்க சபையில இதப் பாடுனா மைக்கப் புடுங்கிருவாக.

எனக்குப் பிடிச்ச ஆளு மத்தேயுவுல வாராரு, திராட்சத் தோட்டத்து மொதலாளி. விடியக்காலையில வந்தவனுக்கும், பொழுதடைய ஒரு மணி நேரம் இருக்கையில வந்தவனுக்கும் ஒரே கூலி. நம்ம காட்டுல மொளகாப்பழம் பெறக்க இப்படிக் கூலி குடுத்துப் பாரு, மறுநாள் காலையில ஒரு தல தெரியாது. அங்கயும் காலையில வந்தவுக மொணங்கத்தான் செஞ்சாக, நீயும் அந்தக் கூட்டத்துல மொத ஆளா நிப்ப. எனக்கென்ன? இத்தன வயசுக்கு மழைக்கு ஒதுங்குனதத் தவிர எந்தக் கோயிலுக்குள்ளயும் நான் நொழஞ்சதில்ல. அஞ்சு மணி ஆளு நானு. அதனால, நீ வாதாடி செயிச்சு அந்த மொதலாளியக் கணக்குப்பிள்ளையா மட்டும் மாத்திப்புடாத. எங் கூலி போயிரும்.