டெக்சாஸ் அரசாட்சி மான்மியம்

ஐம்பது மாநிலங்கள் கூடிய அமெரிக்க ஒன்றியத்தில் தன்னடக்கமும் ஈகையும் ஒருங்கே குடிகொண்ட அரசு எது என்று எவருக்கேனும் ஐயம் எழுந்தால், அவர் டெக்சாஸின் தலைநகரான ஆஸ்டின் மாநகரின் திசை நோக்கி ஒருமுறை கைகூப்பட்டும். அங்கே 1888-இல் எழும்பிய சிவந்த கிரானைட் சட்டமன்ற மாளிகை, வாஷிங்டனில் இருக்கும் தேசத்தின் நாடாளுமன்றத்தையே உயரத்தால் நாணச் செய்வது. கட்டித் தந்தவர்களுக்குக் கொடுக்க ரொக்கம் இல்லை. அதனாலென்ன, 30 லட்சம் ஏக்கர் பொது நிலத்தைச் சிகாகோ முதலாளிகளுக்கு அள்ளித் தந்தார்கள். முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியை நாம் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம். பாவம், ஒரே ஒரு தேர்! கல் வெட்டும் பணியில் சிறைக் கைதிகளை இறக்கி, கூலி கேட்டுக் கைநீட்டும் இழிவிலிருந்து அவர்களையும் காத்தருளினார்கள்.

இத்துணைப் பாடுபட்டு எழுப்பிய மாளிகையைப் புழங்கித் தேய்த்துவிடலாகாது அல்லவா? 1876-ஆம் ஆண்டின் அரசியலமைப்பைப் பின்பற்றும் அம்மாநிலச் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வழக்கமாகக் கூடும். கூடினாலும் 140 நாளுக்கு மேல் அமராது. மூன்று கோடி மக்களுக்கு ஈராண்டுக்கு வேண்டிய நீதியை இருபதே வாரத்தில் வடித்து முடிக்கும் வேகம் வேறு யாருக்கு வாய்க்கும்? ஆயிரக்கணக்கான மசோதாக்கள் கடைசி வாரங்களில் வந்து குவியும்போது, படித்துக் காலங்கழிக்கும் கெட்ட பழக்கமும் தானே அற்றுப்போகிறது.

மாண்புமிகு உறுப்பினர்களின் துறவு நிலையை நினைத்தால் நெஞ்சு உருகும். மாதம் 600 டாலர் சம்பளம். 1975-இல் நிர்ணயித்த தொகை. இன்றுவரை ஒரு காசு கூட்டியதில்லை. ஆகவே தொழிலதிபர்கள், வழக்கறிஞர்கள், பண்ணை உடையார்கள் என்று பொருளாசையை வென்று முடித்த ஞானிகளே பெரிதும் இச்சபைக்கு எழுந்தருள்கிறார்கள். மாதச் சம்பளத்தை நம்பிப் பிழைக்கும் பள்ளி ஆசிரியை, பேருந்து ஓட்டுநர் முதலிய பேராசைக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். ஓய்வூதியம் மட்டும், பல பத்தாண்டுகளாக, உறுப்பினரின் சம்பளத்தை ஒட்டி அல்ல, மாவட்ட நீதிபதியின் சம்பளத்தை ஒட்டியே கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு தவமிருந்த உறுப்பினருக்கு, பதவியில் வாங்கியதைப் போல் பல மடங்கு வீட்டிலிருந்தபடி வந்துசேரும். தவத்துக்கு வரம் கிடைப்பது புராணத்தில் மட்டும்தான் என்று யார் சொன்னது?

பரிசில் வாழ்க்கையின் பொற்காலம் 1989 என்பேன். தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தும் விவாதம் மேலவையில் சூடேறியிருந்த வேளை. போ பில்கிரிம் என்னும் கோழி இறைச்சித் தொழிலதிபர் அவைக்குள்ளேயே எழுந்தருளினார். தலா 10,000 டாலருக்குக் காசோலை. பெறுபவர் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமை. பெயரை எழுதிக்கொள்ளும் சிரமத்தைப் பெறுபவருக்கே விட்டுவைத்த அந்த நாகரிகத்தை என்னென்பது! புலவன் பாடி முடித்த பிறகு கொடுப்பவன் சாதாரண வள்ளல். பாடுவதற்கு முன்பே, எதைப் பாட வேண்டும் என்பதையும் குறிப்பாக உணர்த்திக் கொடுப்பவனே பெருவள்ளல். பெற்றவர்களில் பலர் பிற்பாடு கூச்சத்தால் திருப்பித் தந்தது வேறு கதை. குற்றம் ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்த்தார்கள். அன்றைய சட்டப்படி ஒன்றும் இல்லை! அதன் பிறகு, அந்தப் புனித மாளிகைக்குள் நன்கொடை கொடுக்கலாகாது என்று விதி வந்தது. மாளிகைக்கு வெளியே, கூட்டத்தொடர் இல்லாத காலத்தில், சட்டமன்ற வேட்பாளருக்கு ஒரு தனிமனிதர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வரம்பு என்ற அநாகரிகச் சொல்லுக்கே அங்கு இடமில்லை. கூட்டத்தொடர்தான் ஈராண்டில் ஐந்து மாதத்துக்கும் குறைவாயிற்றே.

அற்ப விஷயங்களையும் அரசியலமைப்பிலேயே பொறித்துவைத்த மதிநுட்பத்தை ஒரு வரியில் கடக்க மனம் வரவில்லை. தோலையும் கால்நடையையும் பரிசோதிக்கும் ஒரு பழங்காலப் பதவியை ஒழிக்க, 2007-இல் மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ரோடியோ மாட்டுப் பந்தயத் திடலில் தர்மத்துக்காகக் குலுக்கல் சீட்டு நடத்தலாமா என்பதை 2021-இல் மக்களிடமே கேட்டார்கள். மக்களை எதற்கு எழுப்ப வேண்டும், எதற்கு உறங்கவிட வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

உதாரணமாகத் தொகுதி எல்லைகள். பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்புக்குப் பின் வரைவதே வழக்கம். ஆளுங்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இன்னும் ஐந்து இடம் கிட்டட்டும் என்று வாஷிங்டனிலிருந்து குடியரசுத் தலைவரே விரும்பியதால், 2025-இல் இடைக்காலத்திலேயே கோடுகளைப் புதிதாகத் தீட்டிக்கொண்டார்கள். வாக்காளர் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அலைச்சலை ஒழித்து, தலைவர் வாக்காளரைத் தேர்ந்தெடுப்பது எத்தனை கருணை! இதன் அருமை புரியாத எதிர்க்கட்சியார் சபை கூடுவதற்கான எண்ணிக்கையைக் குலைக்க இல்லினாய் முதலிய மாநிலங்களுக்குப் புறப்பட்டுப் போனார்கள். வராத நாள் ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் அபராதம். மாதச் சம்பளம் 600 என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார். திரும்பி வந்தவர்களைத் தனியே தவிக்க விடாமல், ஆளுக்கொரு காவலரைத் துணைக்கு அனுப்பினார்கள். அதற்கு இசைந்து கையொப்பமிட்டால்தான் அவையை விட்டு வெளியேறலாம். நிக்கோல் காலியர் என்ற உறுப்பினர் கையொப்பமிட மறுத்தார். அவருக்கு இரவெல்லாம் அவையிலேயே உறங்கும் பேறு கிடைத்தது.

கடைசியாக, என் சொல் வளமெல்லாம் திகைத்து நிற்கும் அற்புதம்: ரயில்வே ஆணையம். 1891-இல் தோன்றிய இம்மூவர் திருச்சபைக்கு 2005 முதல் ரயிலோடு எந்தத் தொடர்பும் கிடையாது. பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவுமே அதன் ஆட்சிப் பரப்பு. ஆணையர் மூவரும் தேர்தலில் வெல்பவர்கள். தேர்தல் செலவுக்கு எண்ணெய் நிறுவனத்தாரே நிதியளிக்கலாம். தம்மைக் கண்காணிப்பவர் பசித்திருக்கப் பொறுப்பார்களா அவர்கள்?

2021 பிப்ரவரியில் உறைபனி வந்தது. மத்திய அரசின் கண் படாதிருக்க டெக்சாஸ் தன் மின்கட்டமைப்பைப் பெரும்பாலும் தனித்தே வைத்திருந்ததால், அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பும் தொந்தரவைக் கொடுக்கவில்லை. 2011-இலும் இதே போலப் பனி வந்து, குளிர்காப்பு செய்யுங்கள் என்று மத்திய ஒழுங்குமுறையாளர்கள் எழுதியிருந்தார்கள். பிறர் சொல்லைக் கேட்டு நடப்பது மானமுள்ளவர் மரபல்ல. மின்நிலையத்துக்கு எரிவாயு வேண்டும். எரிவாயுவை எடுத்து அனுப்ப மின்சாரம் வேண்டும். ஆகவே, மின்வெட்டிலிருந்து விலக்குக் கோர ஒரு படிவம் இருந்தது. இரண்டே பக்கம். எரிவாயு நிறுவனங்களில் பல அதை நிரப்பவில்லை. அவற்றின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது, எரிவாயு நின்றது, எரிவாயு நின்றதால் மேலும் மின்நிலையங்கள் படுத்தன. மாநில அரசே ஒப்புக்கொண்ட கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். பலர் தம் சொந்த வீட்டுக்குள்ளேயே குளிரில் விறைத்து.

சட்டமன்றம் அப்போது கூட்டத்தொடரில் இருந்தது என்பதைப் பெருமிதத்தோடு பதிவு செய்கிறேன். உடனே சட்டம் இயற்றினார்கள். எரிவாயுக் கூடங்களைக் குளிருக்குத் தயார் செய்யும் விதிகளை வகுக்கும் பொறுப்பை ரயில்வே ஆணையத்திடமே ஒப்படைத்தார்கள். ஆணையம் தந்த முதல் வரைவில், நாங்கள் அத்தியாவசியமானவர்கள் அல்லர் என்று ஒரு படிவத்தை நிரப்பி, 150 டாலர் கட்டினால், நிறுவனங்கள் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள வழி இருந்தது. உயிர் ஒன்றுக்கு ஒரு டாலர்கூட ஆகாத அந்தச் சலுகையை நிலைக்கவிடாமல், சட்டமன்ற உறுப்பினர் சிலரே கூச்சல் போட்டு விதியை இறுக்கவைத்தது டெக்சாஸ் வரலாற்றில் நேர்ந்த ஒரு சிறு மரபுப் பிசகு. பதற்றத்தில் நடந்தது, மன்னிக்கலாம்.