நெஞ்சுவலி என்று சொல்ல அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
மனநோயாளி ஒருவரின் தம்பி,
இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை.

பெறுநர்:
ஆம்புலன்ஸை அனுப்பவும் அனுப்பாதிருக்கவும் அதிகாரம் பெற்ற உயர் அலுவலர் அவர்கள்,
கட்டுப்பாட்டு அறை.

பொருள்: அவசர ஊர்தி – மனநோயாளியை ஏற்றுதல் – பொய் சொல்ல முறையான அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பிரிவு 21.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறியபோது உங்கள் வண்டி அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் இறங்கியது, ஆக்சிஜன் ஏறியது. "போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று அவர் வீட்டாரிடம் யாரும் கேட்கவில்லை.

என் அண்ணன் தூக்கமில்லாமல், சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்த அன்று நாங்களும் ஆம்புலன்ஸைத்தான் அழைத்தோம். "அடிக்கிறாரா?" "கையில ஏதாச்சும் வச்சிருக்காரா?" "ஏற்கெனவே மென்டலுக்கு மாத்திரை சாப்பிடுறவரா?" கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றதும் அண்ணன் சுகாதாரத் துறையிலிருந்து காவல் துறைக்கு மாற்றலாகிவிட்டார். "அப்ப ஸ்டேஷனுக்குச் சொல்லிடுங்க சார்." ஸ்டேஷனில், "பேஷன்ட்னா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க." இரண்டு துறைகளும் ஒன்றுக்கொன்று இவ்வளவு மரியாதையாக வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் மாமா தன் வேட்டியை முறுக்கிக் கையைக் கட்டினார். சித்தப்பா காலைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தோம். சிக்னலில் நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். ஆட்டோவுக்குச் சைரன் இல்லாத குறையை அண்ணன் தீர்த்துவைத்தார்.

பணமிருந்தால் வேறு வழியும் உண்டு. சில தனியார் இல்லங்கள் நாலு தடியாட்களோடு வண்டி அனுப்பி, வீடு புகுந்து அள்ளிக்கொண்டு போகும். அந்தச் சேவையில் தாமதமே கிடையாது.

பார்வையில் காணும் சட்டத்தைத் தாங்கள் படித்திருப்பீர்கள். உடல்நோயாளிக்கு எந்த விதத்தில், எந்த அளவில், எந்தத் தரத்தில் ஆம்புலன்ஸ் கிடைக்கிறதோ, அதே விதத்தில், அளவில், தரத்தில் மனநோயாளிக்கும் உரிமை உண்டு என்கிறது. 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. 94ஆம் பிரிவு இன்னும் தாராளம். உயிருக்கு ஆபத்து என்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும், மனநல மருத்துவராக இல்லாவிட்டாலும், 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். அருகிலுள்ள மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அந்தச் சிகிச்சையில் அடக்கம். இதை எழுதியவர்கள் மாமாவின் வேட்டியை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

100ஆம் பிரிவு போலீசுக்கும் வேலை வைத்திருக்கிறது. தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. முழுச் சட்டத்திலும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது இந்தப் பிரிவைத்தான், அதுவும் 'போலீஸ்' என்ற சொல் வரைக்கும்.

எங்கள் பகுதி அனுபவஸ்தர்கள் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு. மனநோய் என்று வாயைத் திறக்காதே, நெஞ்சுவலி என்று சொல். வண்டி வந்துவிடும். உள்ளேயிருந்து இறங்கும் பையன் ஈ.சி.ஜி. கருவியோடு மாடியேறி, சுவரின்மேல் உட்கார்ந்து வானத்தோடு வழக்காடுகிற மனிதரைப் பார்த்துத் திகைப்பான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நின்ற இதயத்தை அழுத்தி ஓடவைக்கப் பழகியவன் அவன். பயந்து நடுங்குகிறவரிடம் எந்தக் குரலில் பேசுவதென்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்தப் பொய்யைத் திருட்டுத்தனமாகச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆகவே இதைத் தாங்களே அங்கீகரித்து, படிவம் அச்சிட்டு, நெஞ்சுவலி, வலிப்பு, பாம்புக்கடி ஆகியவற்றில் வேண்டியதை 'டிக்' செய்ய வழி செய்தால் நலம். நோயாளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை தேவை: கத்த வேண்டாம், ஓட வேண்டாம், குறிப்பாக மாடி ஏற வேண்டாம், நாகரிகமாக மயங்கி விழவும்.

அனுமதி தர மனமில்லையென்றால் மாற்று யோசனையும் இருக்கிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2015இல் மனநோய் அவசரத்துக்கென்றே ஓர் ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அதில் மனநலச் செவிலியர்கள் போவார்கள். உள்ளே ஸ்ட்ரெச்சருக்குப் பதில் உட்கார்ந்து பேச இருக்கைகள். பணக்கார தேசம் என்பீர்கள். வண்டி நம்மிடமும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, சட்டம் அவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநலத் தொலைபேசி உதவியும் வந்திருக்கிறது. பேசினால் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். ஆனால் சுவரில் உட்கார்ந்திருப்பவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொள்ள வேண்டுமே!

எனவே ஐயா, ஒன்று பொய் சொல்ல அனுமதி கொடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு மாவட்டத்திலும் சில வண்டிகளிலாவது மனநலப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை ஏற்றுங்கள். அதுவும் கஷ்டமென்றால், போனை எடுப்பவரின் கேள்விப் பட்டியலையாவது திருத்துங்கள். "ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்பதற்குப் பதில், "அவர் பேர் என்ன? கடைசியா எப்பச் சாப்பிட்டார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.