பெரியப்பா ஃபீஸ் வாங்கியதில்லை

நான் பி.எஸ்சி. கணிதம் முடித்த 1986-ல் கும்பகோணத்தில் லைஃப் கோச் என்று யாரும் போர்டு மாட்டியிருக்கவில்லை. தொழில் மட்டும் அமோகமாக நடந்தது. தபால் இலாகாவில் இருந்த பெரியப்பா முழுநேரம். அத்தை, எதிர்வீட்டு மாமி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சார், குடும்ப ஜோசியர் எல்லாம் பகுதிநேரம். அப்பாயின்ட்மென்ட் வேண்டியதில்லை, அவர்களே வருவார்கள். கட்டணம் ஒரு டம்ளர் காபி.

பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து, "அடுத்து என்ன பண்ணப் போற?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். பதிலை அப்பாவைப் பார்த்து அவரே சொல்லிவிடுவார். "பி.எட். போட்டுடட்டும். ஒரு வருஷம்தானே? முடிச்ச கையோட எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுல பதிஞ்சு வச்சுடணும். டீச்சர்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் நகையைக் கொஞ்சம் குறைச்சுக் கேப்பான்." என் கணக்கு மூளைக்கும் இந்த யோசனைக்கும் சம்பந்தமில்லை. அப்பா அவரிடம் கைமாற்று வாங்கியிருந்தார். நகைச் செலவு குறைந்தால் அது சீக்கிரம் திரும்பி வரும்.

ஆனாலும் அவர் சொன்னதுதான் பலித்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். பதிவு மூப்பில் அரசு வேலை வந்தது. பென்ஷனோடு வெளியே வந்திருக்கிறேன். விடை சரி, வழிமுறை தப்பு. ஐந்து மார்க் கேள்வியாக இருந்தால் பெரியப்பாவுக்கு இரண்டு போட்டிருப்பேன்.

அவர் காலமாகிவிட்டார். அவருடைய பொறுப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான் ரிட்டயரானதும் டியூஷன் ஆரம்பி, காசிக்குப் போய் வா, மாடியை வாடகைக்கு விடு, மூட்டுவலிக்கு முடவாட்டுக்கால் சூப் குடி என்று உத்தரவுகள் குவிந்தன. பெங்களூரில் இருக்கும் மகள், "அம்மா, உனக்கு ஒரு லைஃப் கோச் புக் பண்ணியிருக்கேன், ரிட்டயர்மென்ட் கிஃப்ட்" என்றாள். நான் பட்டுப்புடவை எதிர்பார்த்திருந்தேன். எவ்வளவு கட்டினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

கோச் கோயம்புத்தூர்ப் பெண். மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். ஜூமில் முதல் அரைமணி நேரம் இலவசம்: ஒத்துவருமா என்று இரண்டு தரப்பும் பார்த்துக்கொள்ள. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவ்வளவு நேரம்கூடத் தரவில்லை. பிறகு மெயிலில் ஒப்பந்தம் வந்தது. வாரம் விட்டு வாரம் ஒரு மணி நேரம். வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பேசியது வெளியே போகாது. அவர் டாக்டர் இல்லை. தூக்கம் கெட்டு, மனசு விடாமல் அழுத்தினால் மனநல மருத்துவரைத்தான் பார்க்கச் சொல்வார், அவசரத்துக்கு அரசாங்கத்தின் 14416 எண் இருக்கிறது. கடைசி வரி: முடிவெடுப்பது நான்தான், அவர் யோசனை சொல்ல மாட்டார். படித்ததும் மகளுக்குப் போன் போட்டேன். "அப்புறம் எதுக்குடி காசு?"

டீச்சர் புத்தி போகுமா? இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் பண நிர்வாகத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த தாமஸ் லெனார்ட் என்பவர் 1992-ல் கோச்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கி, 1995-ல் சர்வதேச சம்மேளனமும் அமைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஜான் விட்மோர் என்பவர் 1965-ல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயப் பட்டம் வென்றவர். காரை விட்டு இறங்கிய பிறகு, கூட்டாளிகளோடு சேர்ந்து உருவாக்கிய நாலு படிகளை 1992-ல் வந்த தன் புத்தகத்தின் மூலம் உலகமெங்கும் பரப்பினார். என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய். பெரியப்பா நேராக நாலாவதில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அந்தச் சம்மேளனத்தின் முதல் சான்றிதழுக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். உச்சிப் படிக்கு 200-ம் 2,500-ம். இது எதுவும் இல்லாமல் நாளைக் காலையில் நானே கடை திறந்தாலும் கேட்க ஆளில்லை. ரீல்ஸில் அப்படித் திறந்த கடைகள்தான் ஏராளம். மகள் பிடித்தவர் நடுப்படி, 125-ம் 500-ம். கேட்டதும் முகம் சுளிக்காமல் சான்றிதழைக் காட்டினார். ஜோசியரிடம் அப்படிக் கேட்டிருந்தால் அப்பா என் தோலை உரித்திருப்பார்.

முதல் செஷனில் ஒரு வட்டம் அனுப்பினார். உடம்பு, பணம், குடும்பம், நட்பு என்று எட்டுத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று நானே மார்க் போட வேண்டும். ஜாதகத்தில் கட்டம் பன்னிரண்டு, நிரப்பக் கிரகங்கள் இருந்தன. இங்கே நாலு கட்டம் குறைச்சல், நிரப்பும் வேலையும் நம் தலையில். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திப் பழகிய கை ஆயிற்றே, நட்புக்கு மூன்றரை போட்டேன்.

"அந்த அரை மார்க் எதுக்கு, மேம்?"

"மூணுன்னா ஃபெயில். முப்பத்தஞ்சு எடுத்தாத்தானே பாஸ்?"

"யாரை ஃபெயிலாக்க மனசு வரலை?"

திருச்சியில் இருக்கும் கல்லூரித் தோழியின் பெயரைச் சொன்னேன். பேசி வருஷக்கணக்காகிறது. அடுத்த செஷனுக்குள் போன் செய்வதாக ஹோம்வொர்க்கும் நானே கொடுத்துக்கொண்டேன். செய்யாமல் போனால் திட்டுவார் என்று பார்த்தால், "எது தடுத்தது?" என்று இன்னொரு கேள்வி. பெஞ்சு மேல் ஏற்றியிருந்தாலே தேவலை. அடுத்த தடவை போன் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கேள்வியைவிடக் கஷ்டம், கேட்டுவிட்டு அவர் சும்மா இருப்பது. வகுப்பில் நான் கேள்வி கேட்டு நொடி எண்ணுவதற்குள் விடையை போர்டில் எழுதிவிடுவேன். சிலபஸ் முடிய வேண்டாமா? இவருக்கு சிலபஸே கிடையாது. டியூஷன் ஆரம்பிப்பது பற்றி நான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், "ஒண்ணு கவனிச்சேன், சொல்லலாமா? டியூஷன்னு வரும்போதெல்லாம் சுவரைப் பாக்கறீங்க. அங்க என்ன இருக்கு?" என்றார். கடிகாரம் இருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. டியூஷன் இல்லை என்று தெருவில் நான் அறிவித்தபோது, எட்டாம் வகுப்புப் பையன் வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர் என்னை ஏதோ துரோகம் செய்தவளைப் போலப் பார்த்தார்.

மகளின் கணக்கு போகப்போகத்தான் தெரிந்தது. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தன் வாயால் சொல்லாமல் கோச் வாயால் வரவழைக்கப் பார்த்திருக்கிறாள். பெரியப்பாவின் ரத்தம் எங்கே போகும்? "அம்மா பெங்களூர் வர்றதைப் பத்தி ஏதாவது பேசினாங்களா?" என்று கோச்சுக்கே போன் போட்டிருக்கிறாள். "அதை அம்மாகிட்டத்தான் கேக்கணும்" என்று பதில் வந்திருக்கிறது. காசு கட்டியது தான் என்று இவள் வாதாடியும் பார்த்தாளாம். ஒன்றும் பெயரவில்லை. அந்தக் காலத்தில் அத்தையிடம் காலையில் வாய் தவறி ஒன்றைச் சொன்னால் சாயங்காலம் அது பெரிய கடைத்தெரு தாண்டியிருக்கும்.

வேறு வழியில்லாமல் என்னையே கேட்டாள். "வர்றியா, மாட்டியா?"

"நான் வந்தா உனக்கு என்ன கிடைக்கும்னு நெனைக்கிற?" என்று கேட்டுவிட்டு, கோச் மாதிரியே வாயை மூடிக்கொண்டேன்.

"அம்மா, இந்தப் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம்."

வெயில் காலத்துக்கு வருகிறேன், ஆடி பிறந்தால் திரும்பிவிடுவேன் என்று முடிவாயிற்று. மிச்சமிருக்கும் செஷன்களை வேண்டுமானால் நீ எடுத்துக்கொள் என்றேன். அவளுக்கும் ஆசைதான் போலிருக்கிறது, உடனே ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தாள். வேறொருவர் பெயருக்கு மாற்ற இயலாதாம். ரயில் டிக்கெட்டைக்கூட ஒரு நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் மகள் பெயருக்கு மாற்றித் தருகிறார்கள்.