வராதவர் ஆடிய ஆட்டம்: அமெரிக்க–கனடியக் கிரிக்கெட்டில் இன்மையின் இடம்

முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் எது என்று கேட்டால், இங்கிலாந்து–ஆஸ்திரேலியா, மெல்போர்ன், 1877 என்று பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும். அது டெஸ்ட் கணக்கு. அதற்கு 33 ஆண்டுகள் முன்பே, 1844 செப்டம்பரில், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் அமெரிக்காவும் கனடாவும் மோதி முடித்துவிட்டன. பாய்மரப் படகுப் போட்டியான அமெரிக்கக் கோப்பை 1851இல்தான் பிறந்தது. நவீன ஒலிம்பிக் 1896இல். இத்தனை மூத்த பகைக்கு இத்தனை சிறிய புகழ் ஏன்? இதுவரை இதை ஆராய்ந்தோர் ஆடியவர்களையே ஆராய்ந்தனர். இவ்வாட்டத்தை நடத்தியவர்கள் வராதவர்களே என்பது இக்கட்டுரையின் துணிபு.

தருக்க நூலார் இன்மையை நான்காகப் பகுப்பர்: முன்னின்மை, அழிவுபாட்டின்மை, என்றுமின்மை, ஒன்றினொன்றின்மை. குடம் வனையப்படுமுன் மண்ணில் இல்லாதது முதலாவது, உடைந்தபின் இல்லாதது இரண்டாவது, முயற்கொம்பு மூன்றாவது, குடம் ஆடையன்று என்பது நான்காவது. குயவர் வீட்டு உதாரணங்களோடு நின்றுவிட்ட இக்கோட்பாட்டைக் கிரிக்கெட்டுக்கு யாரும் பொருத்திப் பார்க்காதது வியப்பே.

என்றுமின்மையிலிருந்து தொடங்குவோம். 1840இல் நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிளப்புக்கு, ஃபில்பாட்ஸ் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒருவர் டொரண்டோவில் வந்து ஆடும்படி அழைப்பு விடுத்தார். ஆட்டக்காரர்கள் குதிரை வண்டியில் குலுங்கி, ஒண்டாரியோ ஏரியை நீராவிக் கப்பலில் கடந்து, ஆகஸ்ட் கடைசியில் டொரண்டோ போய் இறங்கினார்கள். அங்கே கிளப்காரர்கள் “யார் நீங்கள்?” என்கிற மாதிரி விழித்தார்கள். உண்மையான ஃபில்பாட்ஸுக்கு ஒன்றுமே தெரியாது. ஆக, அழைப்பு முயற்கொம்பு. பத்திரிகை இல்லாத கல்யாணத்துக்குப் பெட்டி படுக்கையோடு போய் இறங்கியவர்களின் நிலை. ஆனால் டொரண்டோக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். அவசர அவசரமாக ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். ஆளுநர் சர் ஜார்ஜ் ஆர்தரே பார்க்க வந்தார். விருந்தாளிகள் 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்று, விருந்தோம்பலுக்கு நன்றி சொன்னார்கள். இப்படித் தொடங்கிய போக்குவரத்துதான் நான்கு ஆண்டுகளில் நாடு–நாடு மோதலாக வளர்ந்தது. அந்தப் போலி ஃபில்பாட்ஸுக்கு எங்கும் சிலை இருப்பதாகத் தெரியவில்லை.

முன்னின்மைக்கு அதிக நேரம் தேவையில்லை. 1844இல் ஆடிய ‘கனடா’, கூட்டாட்சி நாடாக உருவானது 1867இல். அப்போது நாடு என்று இருந்தது அமெரிக்கா மட்டுமே. அதன் அணியிலும் பலர் இங்கிலாந்தில் பிறந்தவர்கள்.

இனி ஆய்வின் கருவுக்கு வருவோம். செப்டம்பர் 24இல் ஆட்டம் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் கூட்டம், பந்தயத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் புரண்டதாகச் சொல்வார்கள். கனடா 82, அமெரிக்கா 64. மறுநாளை மழை கொண்டுபோயிற்று. 26ஆம் தேதி கனடா 63க்குச் சுருண்டது. அமெரிக்காவுக்குத் தேவை 82. வந்ததோ 58. தோல்வி 23 ரன்னில். ஏனெனில் ஜார்ஜ் வீட்கிராஃப்ட் என்ற அமெரிக்க வீரர் அன்று மைதானத்துக்கு வரவே இல்லை. பத்துப் பேரைக் கொண்டே இன்னிங்ஸ் முடிந்தது. கடைசி விக்கெட் விழுந்த பிறகு அவர் வந்து சேர்ந்தார்.

இது எவ்வகை இன்மை? பின்னர் வந்தாராதலின் முன்னின்மையே என்பார் உளர். அற்றன்று, அவர் வந்தபோது ஆட்டம் அழிந்துவிட்டதாதலின் அழிவுபாட்டின்மை என்பார் பிறர். வந்திருந்தால் மட்டும் வேண்டிய 24 ரன்னை எடுத்திருப்பாரா என்பது மூன்றாம் தரப்பின் கடா. அதற்கு விடை: வராதவனின் பேட்டிங் சராசரியைக் குறைக்க எந்தப் பந்துவீச்சாளராலும் முடியாது. அவர் ஏன் தாமதித்தார் என்பதை இக்கட்டுரை ஆராயாது. நேரத்துக்கு வராதவரிடம் காரணம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது திருமண மண்டபங்களில் நிற்கும் எவரும் அறிந்ததே.

1846 ஆட்டத்தில் இன்மை சற்று முரட்டு வடிவம் எடுத்தது. கேட்ச் பிடிக்கப் போன அமெரிக்கப் பந்துவீச்சாளர்மீது கனடிய பேட்ஸ்மேன் மோதினார். எழுந்தவர் ஆத்திரத்தில் பந்தை அவர்மேலேயே விட்டெறிந்தார். கனடியர்கள் களத்தை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் மீண்டும் ஆடியது 1853இல். ஏழாண்டு கோபம்! நம்மூர்ப் பங்காளிச் சண்டைகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆயினும் முதல் முயற்சி என்ற அளவில் பாராட்டத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் ஆட்டமே பல பத்தாண்டுகள் காணாமல் போயிற்று. 1963இல் புத்துயிர் பெற்றபோது வைத்த கோப்பைக்கு கார்ல் ஆட்டி என்ற கிரிக்கெட் பித்தரின் பெயர். அது நினைவுக் கோப்பை. எனவே கோப்பைக்காரரையும் நம் பட்டியலில் சேர்க்கலாம். 1844இன் புல்வெளிமேல் மன்ஹாட்டன் ஏறிக்கொண்டது. அழிவுபாட்டின்மைக்கு இதைவிட நல்ல சான்று குயவர் வீட்டிலும் கிடைக்காது.

இவ்வளவு தூரம் கோட்பாடு கச்சிதமாகப் பொருந்தியது. தொல்லை தந்தது 2024. டி20 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்துக்கு, ஜூன் 1 அன்று, டாலஸ் அருகே கிராண்ட் பிரெய்ரியில் இதே இரு அணிகள். கனடா 194 எடுத்தது; ஆரன் ஜோன்ஸ் 40 பந்தில் 94 விளாச, அமெரிக்கா 14 பந்து மீதமிருக்க முடித்துவிட்டது. 1844இல் இரு அணியும் நான்கு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்தது 267. இம்முறை பதினொருவரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள் என்பதை விமர்சகர் யாரும் குறிப்பிடவில்லை.

தொல்லை அதுவன்று. நான்காம் இன்மைப்படி குடம் ஆடையன்று. கனடியர் அமெரிக்கர் அல்லர். ஆனால் ஒண்டாரியோவில் பிறந்து, 2011 உலகக் கோப்பையில் 16 வயதில் கனடாவுக்கு ஆடிய நிதிஷ் குமார், 2024இல் அமெரிக்க அணியில் இருந்தார். குடம் ஆடையாகிவிட்டது. அந்த ஆடை, ஜூன் 6 அன்று, அதே மைதானத்தில், பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது நான்கு அடித்து, ஆட்டத்தை சூப்பர் ஓவருக்குக் கொண்டுபோயிற்று.