அளவிடத்தக்க ஒரு கோடை

மகா கனம் பொருந்திய பள்ளி நிர்வாகத்தார் அவர்கள் சமூகத்துக்கு, இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில் பயிலும் பையன் ஒருவனின் தாத்தாவும், அஞ்சல் இலாகாவில் 36 ஆண்டு ஊழியம் பார்த்து ஓய்வுபெற்றவனுமாகிய அம்பாசமுத்திரவாசி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று தொடங்குவதே கடித மரபு. எனினும், குடும்பச் செய்தி எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் தாங்கள் கொண்டிருக்கும் கண்டிப்பைச் சென்ற வெள்ளிக்கிழமை நேரில் அறிந்துகொண்டபடியால், ஒருவர் நீங்கலாக யாவரும் க்ஷேமம் என்று அளவிடத்தக்க முறையில் எழுதுகிறேன்.

பிள்ளையின் தகப்பன் மஸ்கட்டிலும் தாய் வங்கிக் கவுன்டரிலும் இருந்த காரணத்தால், தங்கள் ஸந்நிதானத்துக்கு அழைக்கப்பட்டு வந்த என்னை, மழலையர் வகுப்பிலிருந்து தூக்கிவந்த மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் முழங்கால் மோவாயைத் தொடும்படி அமர்த்தி, 72 வயதுக்காரனைக் 'கிராண்ட்பா' என்று வாஞ்சையோடு விளித்து, என் பேரன் நிரப்பிக்கொடுத்த 'என் கோடை, என் இலக்கு' என்னும் படிவத்தை என் மூக்குக்கு நேரே விரித்து, அவன் செய்த பிழைகளுக்காக அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்திய கிருபைக்கு முதற்கண் என் வந்தனம். அந்த நாற்காலியின் உயரம் ஒரு சாணும் நாலு விரற்கடையும். எழுந்திருப்பதற்கு முன் அளந்துகொண்டேன். தங்கள் பள்ளியில் அளக்காத பொருளுக்கு மதிப்பில்லை என்பது அதற்குள் விளங்கியிருந்தது.

படிவத்தில் மூன்று இலக்குகளுக்கு மூன்று கட்டங்கள். சுரைக்குடுக்கை கட்டாமல் ஆற்றில் நீந்துவது, நுங்கு வண்டி செய்வது, தாத்தாவோடு மாமரத்தடியில் சும்மா இருப்பது என்று பையன் தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தான். முதல் கட்டத்தின் ஓரத்தில் 'எத்தனை மீட்டர்?' என்றும், இரண்டாவதில் 'எத்தனை வண்டி?' என்றும் சிவப்பு மையால் வினவியிருந்த தங்கள் ஆசிரியை, மூன்றாவதோ வினாவுக்கே அருகதையற்றது என்று கருதினார் போலும். ஒரே இழுப்பாக அடித்துவிட்டு, 'நாட் மெஷரபிள்' என்று எழுதியிருந்தார். அளவிடத்தக்கதன்று! சும்மா இருத்தலை அருணகிரிநாதருக்கு முருகனே உபதேசித்தான் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாரத்துக்கு எத்தனை மணி என்று குறிப்பிடாமல் உபதேசித்தது அந்தத் தெய்வத்தின் அஜாக்கிரதையே என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு சாஸ்திரத்தின் பூர்வோத்தரம் அறியாமல் ஆட்சேபிப்பது முறையன்று என்று, மருமகளின் கைப்பேசியைக் கடன் வாங்கி ஆராய்ச்சியில் இறங்கினேன். 1981ஆம் ஆண்டு நவம்பரில், மேனேஜ்மென்ட் ரெவ்யூ என்னும் அமெரிக்க சஞ்சிகையில், வாஷிங்டன் வாட்டர் பவர் கம்பெனியில் திட்டமிடும் பகுதிக்குத் தலைவராக இருந்து விலகிய ஜார்ஜ் டோரன் என்பவர், கம்பெனி அதிகாரிகள் இலக்கு எழுதுவதற்காக ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கோத்து 'ஸ்மார்ட்' என்றொரு சூத்திரம் செய்தாராம். அளவிடத்தக்கமை என்பது அதில் இரண்டாவது எழுத்து. மின்சாரம் விற்ற கம்பெனியில் உட்கார்ந்து பழகியவருக்கு அளவில் பிரியம் இல்லாமல் இருக்குமா? யூனிட் யூனிட்டாக அளந்தால்தானே காசு! அந்த மீட்டரைத்தான் தாங்கள் சமுத்திரம் கடந்து கொணர்ந்து எங்கள் மாமரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். எல்லா இலக்கிலும் ஐந்து குணங்களும் அமைந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று டோரனே சொல்லிவைத்திருக்கிறார். மூல புருஷரைக் காட்டிலும் சீடர்கள் ஆசாரம் மிகுந்தவர்களாக இருப்பது நம் தேசத்துக்குப் புதிதன்று.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதையும், அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள அமைச்சகம் அதைச் சுற்றறிக்கையாக விடுத்து, அவ்விரு வகுப்புகளின் புத்தகப்பை 1.5 கிலோவுக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டியதையும் நான் பணிவோடு பிரஸ்தாபித்தபோது, "இது ஹோம்வொர்க் இல்லை கிராண்ட்பா, ஹாலிடே ஃபன்" என்று ஆசிரியை திருவாய் மலர்ந்தருளினார். அந்த ஆனந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தொழிற்பழக்கம் விடாதாகையால், தராசில் வைத்துப் பார்த்தேன். பயிற்சிப் புத்தகங்கள், ஒட்டுப்பட அட்டைகள், ஐம்பது நாளுக்கான நாட்குறிப்பு எல்லாம் சேர்ந்து 2 கிலோ 300 கிராம். ஆனந்தத்துக்கு எடை வரம்பு கட்ட அமைச்சகத்துக்குத் தோன்றவில்லை.

இலக்கு கிடக்கட்டும். நான் இந்தக் காகிதத்தை எடுத்தது அந்தப் படிவத்தின் 'எங்கள் வீட்டுச் செய்தி' என்னும் முதல் பக்கத்துக்காக. விடுமுறைக்கு முன் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் உரக்க வாசித்து எல்லோருடனும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பக்கம் அது. எங்கள் பையன் எழுதியது இவ்வளவே: 'எங்க ஆச்சி பங்குனி மாசம் செத்துப் போயிட்டா. எங்க பசு கன்னு போட்டுச்சு. தாத்தா காப்பி போடப் படிக்காங்க. சீனி கூடிப் போகுது.' இதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே, 'ஹாப்பி நியூஸ் மட்டும். தேதி, இடம், பரிசு விவரம் சேர்க்கவும்.' முன்மாதிரி என்று பலகையில் குத்தியிருந்த பக்கத்தில் ஒரு குடும்பம் சிங்கப்பூருக்குப் போய்வந்து, கார் வாங்கி, அபாகஸ் போட்டியில் இரண்டாம் பரிசும் பெற்றிருந்தது. மூன்றும் அளவிடத்தக்கவை. அந்தக் குழந்தை நன்றாக இருக்கட்டும்; அதன்மேல் எனக்கு மனஸ்தாபம் இல்லை.

குடும்பச் செய்தி என்பதைக் குறித்து அடியேனுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. கல்யாணக் கடிதமென்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுக் கடிதமென்றால் ஓரத்தில் கறுப்பு மை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையிலிருப்பது எதுவென்று கண்டு, வீட்டிலிருப்பவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். சாவுக் கடிதத்தை வாசித்த உடனே கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைப்பதில்லை. இரண்டு கார்டுக்கும் விலை ஒன்றுதான். என் தராசில் எடையும் ஒன்றுதான். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு, ஆகவே பூரணமாக அளவிடத்தக்கது. ஆயினும், 2013ஆம் ஆண்டு ஜூலையில் அந்தச் சேவை மூடப்பட்ட நாள் வரையில், "இது நல்ல செய்தி அல்ல, வேறு எழுதிக்கொண்டு வாரும்" என்று எவரையும் கவுன்டரிலிருந்து திருப்பியனுப்பிய தபால் ஆபீஸ் ஒன்றை நான் கண்டதில்லை.

பையனைக் குளிப்பாட்டியவள் அவன் ஆச்சி. சோறூட்டியவள் அவள். அவள் போன நாளிலிருந்து அவளைப்பற்றி வாயே திறக்காத பிள்ளை முதன்முதலாக ஒரு வரி எழுதினான். அதன்மேல் கோடு இழுக்க உங்களுக்குக் கை எப்படி வந்தது? என்னை அந்தக் குட்டி நாற்காலியில் உட்காரவைத்தீர்கள், உட்கார்ந்தேன். ஆனால் அவன் சன்னலுக்கு வெளியே நின்று அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தான். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "ஆச்சி செத்தது தப்பா தாத்தா?" என்று கேட்டான்.

க்ஷமிக்க வேண்டும். கிழவன் நிதானம் தவறிவிட்டேன். ஒன்று முதல் பத்து வரையிலான அளவுகோலில் குறிக்காமல் கோபப்பட்டது என் அபராதமே. ஒன்பது என்று கொள்க.

தங்கள் ஆக்ஞையைச் சிரமேற்கொண்டு, திருத்திய படிவத்தை இத்துடன் சமர்ப்பிக்கிறேன். நீச்சல்: படித்துறையின் கடைசிப் படி முதல் துவைகல் வரையில்; நாலு முழ வேட்டியால் அளந்ததில் மூன்று வேட்டி நீளம். நுங்கு வண்டி: இரண்டு; ஒன்று அவனுக்கு, மற்றது கன்றுக்குட்டிக்கு. சும்மா இருத்தல்: அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4 முதல் நாள்தோறும் பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை, நடுவில் எவரேனும் வந்து பயனுள்ள காரியம் எதுவும் செய்வித்துவிட்டால் அந்த நேரம் மறுநாள் ஈடுகட்டப்படும்; தேர்ச்சிக்கு அடையாளம், இருவரில் ஒருவர் தூங்கிப்போதல்; சாட்சி, பசு. தாத்தாமார்களும் இலக்கு வைக்கலாம் என்று படிவத்தின் அடியில் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பதால் நானும் ஒன்று வைத்திருக்கிறேன்: காப்பிக்குச் சீனி இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரைக் கரண்டியாகக் குறைய வேண்டும், மே மாத முடிவுக்குள். ஸ்மார்ட் சூத்திரத்துக்கு அட்சரம் பிசகாத இலக்கு. அளக்கிற கரண்டியை எங்கே வைத்தாள் என்பதுதான் இன்னும் அகப்படவில்லை.

முதல் பக்கத்தை மாத்திரம் திருத்தவில்லை. பையன் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. ஓரத்தில் உள்ள கறுப்பு மை நான் தடவியது. வகுப்பில் உரக்க வாசித்த பிறகு கிழித்துப் போட்டுவிடலாம்.