வெப் 2.0-வும் ஒரு மேனுவல்காரனும்

‘இந்தப் பட்டனை அழுத்துங்கள், பிறகு ஓகே கொடுங்கள்’ என்று எழுதிச் சம்பளம் வாங்குகிற ஒரு கூட்டம் மென்பொருள் கம்பெனிகளில் உண்டு. டெக்னிகல் ரைட்டர் என்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். 2004-இல் டிம் ஓ'ரெய்லியின் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் வெப் 2.0 மாநாடு நடத்தியது. கொஞ்ச நாளில் அந்தப் பெயர் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் கம்பெனிகளுக்கும் வந்து சேர்ந்தது. அப்படியென்றால் என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை. ரெஸ்யூமேயில் மட்டும் சேர்த்துவிட்டேன்.

முதலில் கை வைத்தது ஏஜாக்ஸில். 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் சூட்டிய பெயர் அது. முழுப் பக்கத்தையும் மறுபடி இறக்காமல் வேண்டிய துண்டை மட்டும் சர்வரிலிருந்து வாங்கிக்கொள்ளும் வித்தை. கூகுள் மேப்ஸில் வரைபடத்தை இழுத்தால் கூடவே நகர்ந்து வந்ததே, அதேதான். தலைப்பைத் தட்டினால்தான் விவரம் வந்து விரியும் என்று என் ஹெல்ப் பக்கங்களை மாற்றவைத்தேன். டெமோவில் நல்ல கைதட்டல். பிறகு ஒரு வாடிக்கையாளர் அதை அச்செடுத்தார். அவர்கள் தொழிற்சாலையில் மெஷின் பக்கத்தில் கம்ப்யூட்டர் கிடையாதாம். ‘இன்ஸ்டால் செய்வது எப்படி?’, ‘எர்ரர் வந்தால் என்ன செய்வது?’ என்று தாளில் வந்ததெல்லாம் தலைப்புகள்தான். அசல் வினாத்தாள். திரையில் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினாலும் விரியாத பத்திகள் அகப்படவில்லை.

அடங்கினேனா? டேக் மேகம் போட்டேன். எந்தக் குறிச்சொல் அதிகம் வருகிறதோ அது பெரிய எழுத்தில் தெரியும். எங்கள் மேகத்தில் ஆகப் பெரிதாக நின்ற சொல் ‘இதர’. குழம்பிய இடத்திலெல்லாம் அதைத்தான் போட்டிருந்தேன்.

2006-இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு பேட்டியில், வெப் 2.0 என்பது வெறும் ஜார்கன், மனிதர்களை இணைப்பதுதான் ஆரம்பத்திலிருந்தே வலையின் நோக்கம் என்கிற மாதிரி பேசினார். வலையை உண்டாக்கியவர், சொல்லலாம். எனக்கு அப்ரைசல் இருந்தது.

ஆகவே விக்கி. வார்ட் கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கியைத் தொடங்கியபோது அங்கே வந்தவர்கள் புரோகிராமர்கள். தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே எழுதும் ஆசையோடு வந்தவர்கள். பில்லிங் சாஃப்ட்வேரில் வரி விகிதம் மாற்றுவதைப் பற்றி எழுத யாருக்கு ஆசை வரும்? இருந்தாலும், எங்கள் ஹெல்ப் பக்கங்களை வாசகர்களே எழுதலாம், திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்தேன். மாத்திரை விற்கிறவர்கள் வந்தார்கள். காலையில் ஆபீஸுக்குப் போனால் அவர்கள் எழுதியதை அழிப்பதுதான் முதல் வேலை.

அப்படி அழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு திருத்தம் மட்டும் விளம்பரமாகத் தெரியவில்லை. பேக்கப் எடுக்கும் படியை நான் அப்கிரேடுக்குப் பின்னால் எழுதியிருந்தேன். யாரோ அதைத் தூக்கி முன்னால் வைத்திருந்தார்கள். ஹிஸ்டரியைப் பார்த்தால், சப்போர்ட்டில் இருந்த பெண்ணின் பெயர்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“மெயில் போட்டேன் சார். நீங்க ஏஜாக்ஸ்ல பிஸியா இருந்தீங்க.”